பேனரில் சிரிக்கிற மாணவர் அங்கே என்ன படித்தார்? கோச்சிங் சென்டரில் பணம் கட்டும் முன் கேளுங்க!

"இந்த சென்டர் இல்லைன்னா நான் பாஸ் ஆகியிருக்கவே முடியாது". பக்கத்திலேயே மாலையும் கழுத்துமாக ஒரு மாணவர் படம். தேர்வு முடிவு வந்துவிட்டால் பஸ் நிலையத்தில் தொடங்கி சந்து முனை வரை இப்படி பிளக்ஸ் பேனர்கள்தான். அதை நம்பி நகையை அடகு வைத்து பிள்ளைகளை சேர்க்கும் பெற்றோர் ஏராளம்.

மாணவர் நிஜம். ரேங்க்கும் நிஜம். ஆனால் அவர் அங்கே எதை படித்தார்? விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஐ.ஏ.எஸ். தேர்வு 3 கட்டமாக நடக்கும். முதல்நிலை, மெயின் இரண்டையும் வேறு எங்கோ படித்தோ, சொந்தமாக படித்தோ தாண்டியவர்களை சில சென்டர்கள் இலவச இன்டர்வியூ பயிற்சிக்கு கூப்பிடும். ஜெயித்ததும் அவர் "எங்கள் மாணவர்" ஆகிவிடுவார். ஒரே ஆள் 3 சென்டருக்கு போயிருந்தால் 3 பேனரிலும் சிரிப்பார்!

2022-ம் ஆண்டு சிவில் சர்வீஸ் தேர்வில் தேர்வானது மொத்தம் 933 பேர். இதில் 336 பேர் எங்களிடம் படித்தவர்கள் என்று சென்னை சென்டர் ஒன்று விளம்பரம் செய்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்ததில், பெரும்பாலானோர் இலவச இன்டர்வியூ பயிற்சிக்கு மட்டும் வந்தவர்கள் என்பது அம்பலமானது. 2024-ல் ரூ.5 லட்சம் அபராதம் விழுந்தது.

அதே ஆண்டு நவம்பரில் இந்த ஆணையம் கோச்சிங் சென்டர்களுக்கு கிடுக்கிப்பிடி போட்டது. 50 பேருக்கு மேல் படிக்கும் சென்டர் எல்லாம் இதில் அடங்கும். மாணவரின் பெயர், போட்டோ, பாராட்டு எதை போட்டாலும் அவரது எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். அதுவும் தேர்வில் ஜெயித்த பிறகுதான் வாங்க வேண்டும். அட்மிஷன் பாரத்தோடு சேர்த்து வாங்கும் கையெழுத்து எடுபடாது. என்ன கோர்ஸ், எத்தனை நாள், பணம் கட்டி படித்தாரா என்பதையும் விளம்பரத்தில் போட வேண்டும். ஏமாற்று விளம்பரத்துக்கு அபராதம் ரூ.10 லட்சம் வரை. திரும்ப செய்தால் ரூ.50 லட்சம் வரை.

அட்மிஷனுக்கு போகும்போது பேனரில் உள்ளவரை காட்டி, "இவர் எந்த கோர்ஸ் படிச்சாரு? என் பொண்ணு சேரப்போறதும் அதே கோர்ஸா?" என்று கேளுங்கள். மழுப்பினால் உஷார். எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்பதையும் கேட்கலாம். தோற்றவர்களுக்கு யாரும் பேனர் வைப்பதில்லையே!

பேனரை செல்போனில் படம் எடுத்து, நோட்டீசு, ரசீதோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு மாதம் கழித்து அந்த பேனர் அங்கே இருக்காது. புகார் சொல்ல 1915 என்ற எண்ணுக்கு போன் போடலாம், காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம். ஆணையம் போடும் அபராதம் பெற்றோர் கைக்கு வராது. கட்டிய பணத்தை திரும்ப கேட்க மாவட்ட நுகர்வோர் கோர்ட்டில் தனியாக மனு போட வேண்டும். கட்டிய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கோர்ட்டு கட்டணம் கிடையாது.