வலி எச்சரிக்காத ஆபத்து: தண்டுவடக் காயத்துக்குப் பின் காலில் உறையும் ரத்தம்

புது தில்லி: கட்டடத்திலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்து, அல்லது சாலை விபத்தில் சிக்கி முதுகெலும்பு முறிந்தவர், அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்துப் பேசத் தொடங்கியதும், இனி உயிருக்கு ஆபத்தில்லை என்று குடும்பத்தார் நிம்மதி அடைகின்றனர். ஆனால், மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் கட்டங்களுள் ஒன்று அதன் பிறகே தொடங்குகிறது. அசைவற்றுக் கிடக்கும் காலின் ஆழமான சிரைகளில் ரத்தம் உறையக்கூடும். அந்தக் கட்டி பெயர்ந்து சென்று நுரையீரலின் ரத்தக் குழாயை அடைத்தால், தேறி வருகிறார் என்று எண்ணியிருந்தவர் சில நிமிடங்களில் உயிரிழக்க நேரிடலாம்.

காலில் ரத்தம் உறைந்தால் மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வலி ஏற்படும். வலி வந்தால் மருத்துவரிடம் செல்வார்கள். தண்டுவடம் காயமுற்றவருக்கோ கால்களில் உணர்வே இருப்பதில்லை. எனவே, அவரது உடல் எழுப்ப வேண்டிய அபாயக் குரலை அருகில் இருப்பவர்களின் கண்களும் கைகளும்தான் எழுப்ப வேண்டியுள்ளது.

உலகில் 1.5 கோடிக்கும் அதிகமானோர் தண்டுவட பாதிப்புடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாகின. இத்தகைய விபத்துகளும், உயரத்திலிருந்து தவறி விழுவதும்தான் இங்கு தண்டுவடக் காயங்களுக்கு முக்கியக் காரணங்கள். தில்லியில் உள்ள எய்ம்ஸ் விபத்து சிகிச்சை மையம், சஃப்தர்ஜங் மருத்துவமனை, வசந்த் குஞ்ச் பகுதியில் உள்ள இந்திய தண்டுவடக் காய சிகிச்சை மையம் போன்றவற்றுக்குத் தலைநகரிலிருந்து மட்டுமின்றி, அண்டை மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் கொண்டுவரப்படுகின்றனர்.

ரத்தம் உறையும் அபாயம் காயம்பட்ட முதல் 3 மாதங்களில், குறிப்பாக முதல் சில வாரங்களில், மிக அதிகம். நோயாளிகளில் பலர் மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்பட்டுச் சொந்த ஊருக்குத் திரும்புவதும் இதே காலகட்டத்தில்தான். அதாவது, ஆபத்து நீங்கும் முன்பே கண்காணிப்புப் பொறுப்பு செவிலியரிடமிருந்து மனைவிக்கோ, தாய்க்கோ, சகோதரருக்கோ கைமாறிவிடுகிறது.

ஏன் உறைகிறது?: ரத்த ஓட்டம் மந்தமாவது, ரத்தக் குழாயின் உட்சுவர் சேதமடைவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்றும் ரத்த உறைவுக்கு அடிப்படைக் காரணங்கள். 19-ஆம் நூற்றாண்டில் இத்துறையில் ஆய்வு செய்த ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரால் இவை இன்றும் அறியப்படுகின்றன. அவரது பிறந்த நாளான அக்டோபர் 13, 2014 முதல் உலக ரத்த உறைவு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

தண்டுவடம் காயமுற்றவரிடம் இந்த மூன்றும் ஒருங்கே சேர்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி, சிரைகளில் உள்ள ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளும். தசைகள் செயலிழந்ததும் ரத்தம் கீழேயே தேங்குகிறது. விபத்தில் ரத்தக் குழாய்களும் பாதிக்கப்பட்டிருக்கலாம். பெரும் காயத்தை ஆற்றுவதற்காக உடலே ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டிவிடுகிறது. முதியவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், கால் அல்லது இடுப்பு எலும்பும் முறிந்தவர்கள், முன்பே ரத்த உறைவு ஏற்பட்டவர்கள், கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்கள் ஆகியோருக்கு அபாயம் மேலும் கூடுதல்.

இந்தியர்களுக்கு இத்தகைய ரத்த உறைவு அரிது என்ற எண்ணம் மருத்துவத் துறையிலேயே நீண்ட காலம் நிலவியது. வலி இல்லாத நோயைத் தேடிப் பார்க்காவிட்டால் அது அரிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. தடுப்பு மருந்து பெறாத தண்டுவட நோயாளிகளை முறையாகப் பரிசோதித்த மேலைநாட்டு ஆய்வுகள் சிலவற்றில், பாதிக்கும் மேற்பட்டோரிடம் ரத்த உறைவு கண்டறியப்பட்டது.

அளவு நாடா போதும்: பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் தோன்றும் வீக்கமே முதல் அடையாளம். அந்தக் கால் மற்றதைவிடச் சூடாக இருக்கலாம். தோல் சிவந்தோ, கருமை படர்ந்தோ காணப்படலாம். காரணம் தெரியாத லேசான காய்ச்சலும் ஓர் அறிகுறியே.

தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடாவே இதற்குப் போதுமானது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்புறம் தட்டுப்படும் எலும்புப் புடைப்பிலிருந்து 10 செ.மீ. கீழே, இரு கால்களிலும் பேனாவால் குறியிட்டுக் கொள்ள வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில், அதே இடத்தில் சுற்றளவை அளந்து குறித்து வைக்க வேண்டும். இரு கால்களுக்கும் இடையே 3 செ.மீ.க்கு மேல் வேறுபாடு தென்பட்டால், மறுநாள் வரை காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும். அதைவிடக் குறைந்த வேறுபாடாயினும், அது திடீரெனத் தோன்றியிருந்தால் அலட்சியம் கூடாது.

மார்பின் நடுப்பகுதிக்கு மேல் தண்டுவடம் காயமுற்றவர்களிடம் வேறோர் அறிகுறியும் தோன்றலாம். திடீரென ரத்த அழுத்தம் உயர்ந்து, கடும் தலைவலியும், முகத்திலும் கழுத்திலும் வியர்வையும் ஏற்படும். சிறுநீர்க் குழாய் அடைபடுவதும், மலம் இறுகுவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். அவை சரிசெய்யப்பட்ட பின்னரும் இந்நிலை நீடித்தால், காலில் ரத்தம் உறைந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

கால் வீங்குவதெல்லாம் ரத்த உறைவு ஆகாது. தோலுக்கு அடியில் கிருமித் தொற்று, வெளியே தெரியாத எலும்பு முறிவு, இடுப்பு, முழங்கால் மூட்டுகளைச் சுற்றியுள்ள தசைகளில் புதிதாக எலும்பு வளர்வது ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது மருத்துவர்களுக்கே கடினம். எனவே பரிசோதனை அவசியம்.

எண்ணெய் தேய்க்க வேண்டாம்: செயலிழந்த காலுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது வட மாநிலங்களிலும் தென் மாநிலங்களிலும் பரவலாக உள்ள வழக்கம். அன்போடு செய்யப்படும் இந்தப் பணிவிடை, உள்ளே ரத்தக் கட்டி இருக்கும்போது அதைப் பெயர்த்துவிடக்கூடும். வீக்கம் காணப்பட்டால் அந்தக் காலைத் தேய்ப்பதையும், மடக்கி நீட்டும் பயிற்சிகளையும் நிறுத்திவிட்டு மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். வெந்நீர் ஒத்தடமும் கூடாது. உணர்வற்ற தோல் வெந்துபோனாலும் நோயாளிக்குத் தெரியாது.

கட்டி நுரையீரலை அடைந்துவிட்டால் திடீர் மூச்சுத் திணறல், மார்பு வலி, படபடப்பு, மயக்கம், சளியில் ரத்தம் போன்றவை ஏற்படலாம். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் காயமுற்றவருக்கு மார்பு வலி தெரியாமலேயே போகலாம். இனம் புரியாத பதற்றமும், குறையும் ஆக்சிஜன் அளவும் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். இந்நிலையில் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. 108 அல்லது 112 எண்ணில் ஆம்புலன்ஸை அழைத்து, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கண்டறியும் வழி: காலில் உள்ள ரத்த உறைவைக் கண்டறிய டாப்ளர் ஸ்கேன் போதுமானது. இதில் ஊசியோ கதிர்வீச்சோ கிடையாது, படுக்கையருகிலேயே செய்யலாம். நுரையீரல் அடைப்பைக் கண்டறிய, சாயம் செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. டி-டைமர் எனப்படும் ரத்தப் பரிசோதனை, காயம்பட்ட அனைவரிடமும் உயர்ந்தே காணப்படும் என்பதால், தொடக்க வாரங்களில் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

தடுப்பும் சிகிச்சையும்: வந்தபின் குணப்படுத்துவதைவிட வராமல் தடுப்பதே இதில் எளிது. ரத்தக் கசிவு அபாயம் இல்லையெனில், காயம்பட்ட 72 மணி நேரத்துக்குள் எனாக்ஸாபாரின் போன்ற ஹெபாரின் வகை ஊசி மருந்தைத் தொடங்கி, குறைந்தது 8 வாரங்கள் தொடர வேண்டும் என்று தண்டுவட சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கின்றன. வயிற்றுத் தோலின் அடியில் போடப்படும் இந்த ஊசியைப் பயிற்சி பெற்ற குடும்பத்தாரே வீட்டில் போடலாம். கால்களை மாறி மாறி அழுத்தித் தளர்த்தும் காற்றுப்பைக் கருவிகளும் தொடக்க நாள்களில் பயன்படுத்தப்படுகின்றன. அழுத்தக் காலுறை அணிவித்தால், அடிக்கடி கழற்றித் தோலைப் பார்ப்பது அவசியம். இல்லையெனில் புண் உண்டாகிவிடும்.

அறுவைச் சிகிச்சை நிபுணர்களுக்கு இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, அறுவை செய்த இடத்தில் ரத்தம் கசியவும் காரணமாகலாம். அக்கசிவு தண்டுவடத்தை மேலும் நசுக்கிவிடக்கூடும். அதனால், மருந்தை எப்போது தொடங்குவது, அறுவையையொட்டி எத்தனை மணி நேரம் நிறுத்துவது என்பது ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே முடிவு செய்யப்படுகிறது. மருந்தே கொடுக்க இயலாத நிலையில் ரத்த உறைவு ஏற்பட்டவர்களுக்கு மட்டும், வயிற்றின் பெருஞ்சிரையில் வடிகட்டி பொருத்தப்படுவதுண்டு.

ரத்தம் உறைந்தது உறுதியானால், அதிக அளவில் ஹெபாரின் வகை ஊசியோ, ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்ற மாத்திரைகளோ தரப்படுகின்றன. சிறுநீரகத்தின் செயல்பாட்டைப் பொருத்து மருந்தும் அளவும் மாறும். சிகிச்சை பொதுவாகக் குறைந்தது 3 மாதங்கள் நீடிக்கும். இம்மருந்துகள் புதிதாக ரத்தம் உறைவதைத் தடுக்கின்றன. இருக்கும் கட்டியை உடலே மெல்லக் கரைத்துக் கொள்கிறது. உயிருக்கு ஆபத்தான நுரையீரல் அடைப்பில் மட்டுமே, கட்டியை உடனே கரைக்கும் மருந்தோ, குழாய் செலுத்தி அகற்றும் முறையோ பயன்படுத்தப்படுகிறது.

வார்ஃபரின், அசினோகுமரால் ஆகிய பழைய மாத்திரைகள் விலை மலிவானவை. இன்றும் பலருக்குத் தரப்படுகின்றன. ஆனால், ஐ.என்.ஆர். எனப்படும் ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து, அதன் அளவை வழக்கமாக 2-க்கும் 3-க்கும் இடையே வைத்திருக்க வேண்டும். கீரைகளை அறவே ஒதுக்கத் தேவையில்லை. ஒரு வாரம் அதிகமாகவும் மறு வாரம் இல்லாமலும் உண்பதைத்தான் தவிர்க்க வேண்டும். ஹெபாரின், எனாக்ஸாபாரின், வார்ஃபரின் ஆகியவை மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளன.

இம்மருந்துகளை உட்கொள்பவர் மருத்துவரைக் கேட்காமல் வலி நிவாரணி மாத்திரை எடுத்துக்கொள்ளக் கூடாது. மலம் கருப்பாகப் போவது, ஈறில் ரத்தம் கசிவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். சிறுநீர்ப் பையில் சிவப்பு நிறம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வீடு திரும்பும் முன்: 1965 மே மாதம் எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா, அதே ஆண்டு பாகிஸ்தானுடனான போரின்போது குண்டு பாய்ந்து தண்டுவடம் காயமுற்றார். அதன்பின் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த அவர்தான், வசந்த் குஞ்ச் சிகிச்சை மையத்தை நிறுவியவர். 2022 ஜனவரியில் மறையும் வரை, காயத்துக்குப் பிறகு அவர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்தார். தண்டுவடக் காயம் வாழ்வின் முடிவல்ல என்பதற்கு அவரது வாழ்க்கையே சான்று.

அந்த நீண்ட வாழ்வுக்கு முதல் 3 மாதங்களைப் பத்திரமாகக் கடக்க வேண்டியுள்ளது. எனவே, மருத்துவமனையிலிருந்து புறப்படும் முன் குடும்பத்தார் சில கேள்விகளைக் கேட்டுப் பதில் பெறுவது நல்லது. தடுப்பு ஊசி எந்தத் தேதி வரை தொடர வேண்டும்? ஊசி மருந்து ஊரில் கிடைக்குமா? ஒருவேளை தவறினால் என்ன செய்வது? கால் வீங்கினால் டாப்ளர் ஸ்கேன் வசதி மிக அருகில் எங்குள்ளது? இவற்றுக்கான பதில்களையும், புறப்படும் நாளில் இரு கால்களின் சுற்றளவையும் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதி வாங்கிக்கொண்டால், வீட்டில் அளவு நாடாவைக் கையில் எடுப்பவருக்கு எதனோடு ஒப்பிடுவது என்பது தெரிந்திருக்கும்.