உறைமண் அகழ்வில் பனிக்கட்டி இழப்பு

திண்டுக்கல் சமவெளியில் சேவுகம்பட்டி போன்ற ஊர்களில் கிணறு வெட்டும்போது மேலே வரும் ஈரமண் வெயிலில் விரைவில் உலர்ந்துவிடும். சுழியப் பாகைக்குக் கீழே உறைந்து கிடக்கும் மண்ணும் அகழ்ந்து வெளியே இட்டால் உலரவே செய்கிறது. அங்கு நீர் திரவநிலையை அடைவதில்லை என்பதே வேறுபாடு. திறந்து வைத்த சூடம் குறைவதுபோலப் பனிக்கட்டி நேரே ஆவியாகும் இப்பதங்கமாதல், உறைமண்ணின் பனி அளவீட்டை எங்ஙனம் பிழையாக்குகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

புதைந்துள்ள உறைமண்ணின் துளைகளில் காற்று நீராவியால் நிறைவுற்றிருப்பதால் இழப்பு மிகக் குறைவு. அகழ்வு அச்சமநிலையைக் குலைக்கிறது. பனிக்கட்டியின் ஆவியழுத்தம் 0 பாகை செல்சியசில் 611 பாஸ்கல். −10 பாகையிலும் ஏறத்தாழ 260 பாஸ்கல். எனவே குளிர் இழப்பைக் குறைக்குமேயன்றி நிறுத்தாது. வறண்ட காற்று வீசினாலோ, கட்டியை உடைத்து மேற்பரப்பைப் பெருக்கினாலோ இழப்பு விரைவுபெறும். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் அருகே 1960களில் அமெரிக்க இராணுவப் பொறியாளர்கள் குடைந்த உறைநிலச் சுரங்கம், உறைநிலைக்குக் கீழேயே பேணப்பட்டும், பிணைப்பிழந்த சுவர்மண் நுண்தூளாகிக் கிடக்கிறது.

செவ்வாயில் இவ்விழப்பே சான்றாயிற்று. 2008 ஜூனில் ஃபீனிக்ஸ் கலம் தோண்டிய பள்ளத்தில் தென்பட்ட வெண்துண்டுகள் நான்கு நாள்களில் மறைந்தன. உப்பு அவ்வாறு மறையாது. ஆகவே அவை பனிக்கட்டி என உறுதிப்பட்டது. ஆனால் அதே இழப்பு பின்னர் மாதிரியையும் தொட்டது. புதிதாக அகழ்ந்த பனிமண் கரண்டியில் இருமுறை ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் காற்றுபட்டு, நீரில் ஒரு பகுதியை இழந்த மண்தான் ஜூலை இறுதியில் ஆய்வு அடுப்பை அடைந்தது. நீர் உண்டு என்பதற்கு அது போதும்; எவ்வளவு என்பதற்குப் போதாது.

கட்டுமானத்தில் இந்த 'எவ்வளவு' என்பதே முதன்மையானது. 1,000 கிராம் உலர்மண்ணில் 400 கிராம் பனிக்கட்டி இருப்பதாகக் கொள்வோம். பனியளவு 40 விழுக்காடு. எடைபோடுமுன் 60 கிராம் பதங்கமாகிவிட்டால் 34 விழுக்காடு என்றே பதிவாகும். அவ்வெண்ணை நம்பி அடித்தளம் வகுப்பவர், பனி உருகும்போது நிலம் அமிழும் அளவைக் குறைத்தே மதிப்பிடுவார். லே நகரை அடுத்த கங்ளாஸ் நீர்ப்பிடிப்பின் மேற்பகுதியில் நிரந்தர உறைநிலம் இருக்கக்கூடும் என ஆய்வுகள் உணர்த்துகின்றன. லடாக்கின் காற்றோ மிக வறண்டது. அங்கு எடுக்கும் மாதிரியைக் குழியருகிலேயே காற்றுப்புகாமல் மூடி, உறைந்த நிலையிலேயே எடையிட வேண்டும். அகழ்ந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் உடன் பதியாத பனியளவை மற்றொரு குழியின் அளவோடு ஒப்பிட இயலாது.