நாவறியா நஞ்சு

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கிழக்குக் கரைக் கிணறுகளில் உவர்நீரைப் புகுத்தியபோது, சாம்பல்தீவு போன்ற கடலோர ஊர்களில் அதனை ஆராய்ந்து கூற விஞ்ஞானி எவரும் தேவைப்படவில்லை, நாவே கூறிவிட்டது. நிலத்துள் கசியும் எண்ணெயோ அத்தகையதன்று. பெற்றோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை விளைக்கவல்லது. குடிநீரில் அது லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இத்துணைச் சிறிய அளவை மூக்கும் அறியாது, நாவும் அறியாது.

இதன் விளைவை நம் நாட்டிலேயே கண்டோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது, கிணறே உயிர்நாடி. அங்குள்ள சுண்ணாம்புக்கற் பாறையோ பிளவும் பொந்தும் நிறைந்தது. மேலே சிந்தியது விரைவில் கீழே இறங்கிவிடும். சுன்னாகத்து அனல் மின்நிலையத்தின் சுற்றுப்புறத்தில், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் 109இல் எண்ணெயும் கொழுப்பும் அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருந்தன.

அப்படியாயின், எண்ணெய் வந்த வழியை அறிவது எங்ஙனம்? முதலில் அவ்விடத்தின் வரலாற்றை விசாரிப்பர்: தாங்கி எங்கே இருந்தது, கழிவெண்ணெய் எங்கே கொட்டப்பட்டது என்று. பின்னர் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் மண்ணெடுப்பர். குறைந்தது மூன்று துளைகளிலேனும் நீர்மட்டத்தை அளந்தால், நிலத்தடி நீர் ஓடும் திசை புலனாகும். மேற்புறத்து நீர் தூயதாகவும் கீழ்ப்புறத்து நீர் மாசுற்றதாகவும் இருப்பின், குற்றவாளி இடையில் இருப்பது தெளிவு. எளிதில் ஆவியாகும் பொருள்கள் தப்பிவிடாதபடி, நீரைக் கண்ணாடிக் குப்பியில் காற்றிடமின்றி விளிம்புவரை நிரப்பி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவர்.

சுன்னாகத்து வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் நியதியை ஒட்டி, நொதேர்ண் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்துமாறு 2019 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. பாதிக்கப்பட்டோர்க்கு ஆளுக்கு 40,000 ரூபாவரை வழங்கவே அத்தொகை. எனினும், பாறைப் பிளவுகளுட் புகுந்த எண்ணெயைப் பணம் மீட்டுத் தருமா?

திருகோணமலை மாவட்டத்தவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சீனன்குடாவில் பிரித்தானியர் எழுப்பிய பழைய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. சிற்றூர்களிலும் எரிபொருள் நிலையங்களும் வாகனம் திருத்தும் இடங்களும் உள்ளன. இவற்றின் அயலிலுள்ளோர் கிணறு நன்றாயிருக்கும்போதே நீரைச் சோதித்து, முடிவை ஆண்டோடு குறித்து வைத்தல் நன்று. நாளை ஐயம் எழுமாயின், கிணற்றின் பக்கம் நின்று சாட்சி கூறுவது அந்தக் குறிப்பு ஒன்றே. பள்ளி மாணவர்கள் ஆசிரியரின் துணையுடன் தம் ஊர்க் கிணறுகளுக்கு இத்தகைய ஏடொன்றைத் தொடங்கலாம் அல்லவா?