போல் டான்ஸ் வகுப்புக்குள் எட்டிப் பார்ப்போமா?

‘ஹஸ்லர்ஸ்’ படத்தில் ஜெனிஃபர் லோபஸ் அறிமுகமாகும் காட்சியைப் பார்த்திருக்கிறீர்களா? ஃபியோனா ஆப்பிளின் ‘கிரிமினல்’ பாட்டு ஒலிக்க, பளபளக்கும் கம்பியில் ஏறுகிறார், சுழல்கிறார், தலைகீழாகிறார். படமானபோது அவருக்கு வயது 49! திரையில் எல்லாமே சர்வ சாதாரணமாகத் தெரியும். ஆனால் அந்தச் சில நிமிடத்துக்காக மாதக்கணக்கில் பாடுபட்டிருக்கிறார். கற்றுக்கொடுத்தவர், சர்க் து சொலே சர்க்கஸில் ஆடிய ஜோஹன்னா சபாகி. லோபஸ் ஊர் ஊராகப் போனபோதெல்லாம், கழற்றி மாட்டக்கூடிய ஒரு கம்பியும் கூடவே போனது. கை, கால் எல்லாம் ரத்தக்கட்டு.

அந்த ரத்தக்கட்டு எங்கிருந்து வருகிறது, அதைத் தாங்கிக்கொண்டு ஏன் திரும்பத் திரும்ப ஏறுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் இந்த ஆட்டத்தின் மேல் காதலே வந்துவிடும். எனக்கு வந்துவிட்டது. வாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம்.

முதலில் கம்பி. தரைக்கும் கூரைக்கும் நடுவே விறைப்பாக நிற்கிறது. இன்று பரவலாகப் பயன்படுவது 45 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. அசையாமல் நிற்கும் கம்பி ஒரு வகை, தானே சுழலும் கம்பி இன்னொரு வகை. பல கம்பிகளில் அடியில் இருக்கும் சின்னத் திருகை முடுக்கினால் நிற்கும், தளர்த்தினால் சுழலும். சுழலும் கம்பியில்தான் வேடிக்கையே! கையையும் காலையும் விரித்தால் வேகம் குறைகிறது. உடம்பைக் கம்பியோடு ஒட்டி ஒடுக்கினால் விர்ரென்று வேகம் எடுக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த கோண உந்தம் இங்கே உங்கள் உடம்பிலேயே நடக்கிறது. மோட்டார் எதுவும் கிடையாது!

அடுத்து எல்லோரும் தயங்கிக் கேட்கும் கேள்வி: ஏன் இவ்வளவு சின்ன உடை? பதில் எளிது. கம்பியைப் பிடிப்பது கை மட்டும் அல்ல. தொடையின் உள்பக்கம், முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாமே பிடிக்க வேண்டும். துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும். அதனால்தான் அரைக்கால்சட்டை. வகுப்பு நாளில் உடம்பில் கிரீமோ லோஷனோ பூசக் கூடாது என்பது முதல் விதி. ஒருவர் ஆடி முடித்ததும் அடுத்தவர் ஏறுமுன் ஸ்பிரிட் தொட்ட துணியால் கம்பியைத் துடைக்கிறார்கள். கை வியர்த்தாலும் வழுக்கும், கம்பி சில்லென்று இருந்தாலும் வழுக்கும். அதனால் சிலர் ஏறுவதற்கு முன் உள்ளங்கையால் கம்பியைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்குவார்கள். பார்க்கவே அழகாக இருக்கும்.

இங்கே நம் மல்லர் கம்பத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. விழுப்புரத்திலும் பிள்ளைகள் பயிலும் கலை அது. தேக்கு போன்ற மரத்தில் கடைந்த கம்பம், மேலே போகப் போகக் குறுகும். அதற்கு விளக்கெண்ணெய் பூசுகிறார்கள்! அளவுக்கு மிஞ்சிய உராய்வு தோலை உரித்துவிடாமல் இருக்கத்தான் அந்த எண்ணெய். இங்கே எண்ணெய்ப் பசையே ஆகாது, அங்கே எண்ணெய் இல்லாமல் ஆகாது. ஆனால் தொடையும் வயிறும் தோளும் செய்யும் வேலை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, வகுப்பு தொடங்கிவிட்டது. முதல் நாளே தலைகீழாகத் தொங்கவிட மாட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றி நடக்கச் சொல்வார்கள். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். ஆனால் அந்த நடையிலேயே ஆசிரியரின் கண் உங்கள் தோளில்தான் இருக்கும். “தோளை இறக்கு, காதுக்குப் பக்கத்தில் போகவிடாதே!” ஒரு மணி நேரத்தில் இதை எத்தனை முறை கேட்பீர்கள் என்று சொல்ல முடியாது. தோள்பட்டையைக் கீழே இழுத்து முதுகுத் தசைகளை வேலைக்கு வைத்தால்தான் எடை பத்திரமாக இறங்கும். தளர்ந்த தோளில் தொங்கினால் சுமை முழுவதும் மூட்டின் மேல் விழும்.

அப்புறம் ‘ஃபயர்மேன் ஸ்பின்’. ஒரு கை மேலே, ஒரு கை கீழே. வெளிக்காலை வீசி ஒரு சுற்று, இரண்டு முழங்காலும் கம்பியைக் கவ்வ, சுழன்றபடி தரைக்கு வருகிறீர்கள். முதல் முறை சரியாக வந்ததும் அநேகமாக எல்லோருமே சிரித்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு ஊஞ்சல் கிடைத்த சந்தோஷம் அது!

சிரிப்பு மறைவது ‘போல் சிட்’டில். கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கம்பியை மேலே பிடித்து ஏறி, ஒரு தொடையின் மேல் மறு தொடையைக் குறுக்கே போட்டு இறுக்க வேண்டும். கம்பி நடுவில். இப்போது ஒரு கையை விடு, மறு கையையும் விடு. மொத்த எடையும் தொடையின் உள்தோலில் ஒரு கையகல இடத்தில் தங்குகிறது. தோல் திருகிக்கொள்ளும், சுள்ளென்று எரியும், கண்ணில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். மறுநாள் அந்த இடம் நீலமாகக் கன்னிப்போகும். இந்தத் தடங்களுக்கு உலகமெங்கும் ‘போல் கிஸ்’ என்று பெயர். வாரங்கள் போகப் போகத் தோல் பழகிவிடுகிறது. ஒருநாள் அதே இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்து தலைமுடியை அள்ளிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்!

தலைகீழாகும் ‘இன்வெர்ட்’ பக்கம் வருவோம். எம்பிக் குதித்து, காலை உதறி மேலே போகவே கூடாது. வயிற்றை இறுக்கி, முழங்காலை மடக்கி, இடுப்பு தலைக்கு மேல் போகும்வரை நிதானமாகத் தூக்க வேண்டும். வராதவர்களுக்கு ஒரு அருமையான வழி இருக்கிறது: ஆசிரியர் தூக்கிவிடுவார், நீங்கள் மெதுவாக இறங்குங்கள். ஏறும் வலுவைக் கட்ட, இறங்கிப் பழகுவதுபோல நல்ல பயிற்சி கிடையாது.

பொறுமை வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. தசைகள் சீக்கிரம் வலுவாகும். எலும்போடு தசையைப் பிணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை மெதுவாகத்தான் தேறும். “கை தாங்குகிறதே” என்று நாள் தவறாமல் தொங்கினால் முழங்கை வலி பிடித்துக்கொள்ளும். ஓய்வு நாளும் பயிற்சியில் சேர்ந்ததுதான். இடமோ வலமோ, எல்லோருக்கும் பிடித்த பக்கம் ஒன்று இருக்கும். வராத பக்கத்தையும் செய்யவைக்கும் ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

உடல் வளைவதும் அப்படித்தான். காலை விரித்து உட்காரும் ‘ஸ்பிளிட்’டில் உங்களைத் தடுப்பது தசையின் நீளம் மட்டுமல்ல. பழக்கமில்லாத நிலையை ஆபத்து என்று எண்ணி நரம்பு மண்டலம் தசையை இறுக்குகிறது. உடம்பைச் சூடாக்கி, மூச்சை விட்டு, அதே நிலையில் மறுபடி மறுபடி இருந்து காட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுக்கும். தரையில் ஸ்பிளிட் வந்துவிட்டது என்பதற்காகக் கம்பியில் வந்துவிடாது. அங்கே காலைத் தள்ளித் தரத் தரை இல்லை, சொந்த வலுவால் தூக்கி நிறுத்த வேண்டும்.

இந்த அசைவுகளில் பலவற்றை உருவாக்கியவர்கள் இரவு விடுதிகளில் ஆடிய பெண்கள். உடற்பயிற்சி என்ற பெயர் வந்ததும் அவர்களை மறைத்துவிடுவது நியாயமே இல்லை. நடிகை ஷீலா கெல்லி ‘டான்ஸிங் அட் தி ப்ளூ இகுவானா’ படத்துக்காக இந்தக் கம்பி ஆட்டத்தைக் கற்று, பிறகு தானே ‘எஸ் ஃபாக்டர்’ என்ற பெயரில் மற்ற பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

2019ஐ நினைத்தால் எனக்கு உற்சாகம் தாங்காது. பிப்ரவரியில் மும்பை சிவாஜி பார்க்கில் முதல் உலக மல்லர் கம்பப் போட்டி. ஏப்ரலில் பாடகி எஃப்கேஏ ட்விக்ஸின் ‘செலோஃபேன்’ பாடல் காணொளி. கருப்பைக் கட்டிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு மீண்ட அவர், இந்தக் காணொளிக்காக ஏறக்குறைய ஓராண்டு கம்பியில் பழகினார். செப்டம்பரில் ‘ஹஸ்லர்ஸ்’. ஒரே ஆண்டில் மூன்றும்!

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? கம்பிக்கு அடியில் தடிமனான மெத்தை விரித்திருக்கிறார்களா, வராத பக்கத்தையும் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று விசாரித்துச் சேருங்கள். தோளிலோ மணிக்கட்டிலோ பழைய காயம் இருந்தால் முதலிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அரைக்கால்சட்டை, ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில். முதல் வகுப்புக்கு இவ்வளவு போதும்.