உமிக்குள் இருக்கும் உணவு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு பெரிய சந்தை. அங்கே தமிழ் வியாபாரிகள் பலர் கடை வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைகளில் இப்போது சாமை அரிசி, தினை அரிசி, வரகு அரிசி எல்லாம் பொட்டலத்தில் கிடைக்கின்றன. விலையைக் கேட்டால் சாதாரண அரிசியைவிட அதிகம்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் இவை ஏழை வீட்டு உணவு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும்தான். இன்று நிலைமை தலைகீழ். வசதி உள்ளவர்கள் சாமையைத் தேடி வாங்குகிறார்கள். சாமை விளைவிக்கும் மலைக் கிராமங்களில் பல வீடுகளில் ரேஷன் அரிசி வேகிறது.

இது எப்படி நடந்தது? காரணங்கள் பல உண்டு. ரேஷனில் அரிசி மலிவாகக் கிடைத்தது. பணப்பயிர்கள் வந்தன. இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அதுதான் உமி.

உமி உள்ளது, உமி இல்லாதது

கேழ்வரகைக் கையில் எடுத்துப் பாருங்கள். கதிரை அடித்துத் தூற்றினால் போதும். நேராக மாவு மில்லுக்குக் கொண்டு போகலாம். கம்பும் சோளமும் அப்படித்தான். இவற்றின் மேல் கெட்டியான உமி கிடையாது.

சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவை வேறு வகை. நெல்லைப் போலவே இவற்றுக்கும் உமி உண்டு. உமியோடு இவற்றைச் சாப்பிட முடியாது. உமியை நீக்கினால்தான் அரிசி.

நெல்லுக்கு ஊருக்கு ஊர் ரைஸ் மில் இருக்கிறது. அங்கேயே சாமையையும் அரைத்தால் என்ன? முடியாது. சாமை மணி மிகச் சிறியது. ஆயிரம் மணியை எடை போட்டால் இரண்டு மூன்று கிராம்தான் வரும். நெல் மில்லில் போட்டால் பாதி நொறுங்கி மாவாகும். மீதி உமியோடு அப்படியே வெளியே வரும். வரகு இன்னும் பிடிவாதமானது. அதற்கு உமி பல அடுக்காக இருக்கும்.

அதனால் இந்த வேலை முழுவதும் பெண்களின் தோளில் விழுந்தது. தானியத்தைக் காய வைக்க வேண்டும். உரலில் போட்டு உலக்கையால் குத்த வேண்டும். சுளகில் புடைக்க வேண்டும். மறுபடியும் குத்த வேண்டும், மறுபடியும் புடைக்க வேண்டும். பிறகு கல்லும் மண்ணும் போக அரிக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு இத்தனை பாடு. பகலெல்லாம் காட்டில் வேலை செய்த பெண் சாயங்காலம் வந்து உலக்கையைப் பிடிக்க வேண்டும். ரேஷன் அரிசியைக் கழுவி உலையில் போட்டால் சோறு. அவள் எதை விரும்புவாள்? சாமையை விட்டுவிட்டதற்கு அவளைக் குறை சொல்வது நியாயம் அல்ல.

கொல்லிமலையில் என்ன செய்தார்கள்?

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போக வேண்டும். அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள்.

கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு எல்லாம் விளைந்தன. ஒவ்வொன்றிலும் பல ரகங்கள் இருந்தன. பிறகு மரவள்ளிக் கிழங்கு வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கின. கையில் காசு வந்தது. சாமைக் கொல்லைகள் சுருங்கின. விதைகூடக் கிடைக்காமல் போகும் நிலை வந்தது.

வேளாண்மை அறிவியலாளர் எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் 1990-களில் கொல்லிமலையில் வேலை தொடங்கியது. பழைய விதைகளைத் தேடி எடுத்துப் பெருக்கினார்கள். ஆனால் விதை மட்டும் கொடுத்தால் போதவில்லை. விளைந்ததை யார் குத்துவது என்ற கேள்வி அப்படியே நின்றது.

ஆகவே கிராமங்களில் உமி நீக்கும் சிறிய இயந்திரங்களை வைத்தார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின. தானியம் கொண்டு வருபவர்களிடம் அரவைக் கூலி வாங்கினார்கள். உலக்கை வேலை குறைந்தது. பிறகு சாமை அரிசி, தினை மாவு, கேழ்வரகு மாவு என்று பொட்டலம் போட்டு மலைக்குக் கீழே விற்கவும் தொடங்கினார்கள். கணக்கு எழுதுவது, எடை போடுவது, முத்திரை ஒட்டுவது எல்லாம் அந்தப் பெண்களே செய்த வேலைகள்.

2010-களில் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மதுரை தானம் அறக்கட்டளையும் கனடா நாட்டின் நிதி உதவியோடு இதே வேலையில் இறங்கின. சிறுதானியத்துக்கு என்றே இயந்திரங்களைத் திருத்தி அமைத்தார்கள். ஜவ்வாது மலை, அஞ்செட்டி போன்ற இடங்களில் விவசாயிகளோடு சேர்ந்து வேலை செய்தார்கள்.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

இதன் உள்ளே வேகமாகச் சுழலும் சக்கரம் ஒன்று இருக்கிறது. மேலே இருந்து தானியம் சிறிது சிறிதாக அதில் விழும். சக்கரம் மணிகளை வீசி எறியும். மணிகள் சுற்றுச் சுவரில் மோதும். மோதிய வேகத்தில் உமி வெடித்துக் கழலும். பக்கத்தில் ஒரு விசிறி இருக்கும். அது லேசான உமியை ஊதி வெளியே தள்ளிவிடும். கனமான அரிசி கீழே விழும். உலக்கை செய்த வேலையைச் சக்கரமும், சுளகு செய்த வேலையை விசிறியும் செய்கின்றன.

சக்கரம் மெதுவாகச் சுற்றினால் உமி கழலாது. மிக வேகமாகச் சுற்றினால் அரிசி நொறுங்கி நொய்யாகும். சாமைக்கு ஒரு வேகம், தினைக்கு ஒரு வேகம், வரகுக்கு ஒரு வேகம். கழலாத மணிகளைச் சலித்து எடுத்து இரண்டாம் முறை போட வேண்டும். தானியம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் உமி ஒட்டிக்கொள்ளும்.

முதலில் தூசியும் கல்லும் நீக்க வேண்டும். இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். மண் களத்தில் அடித்த தானியத்தில் சாமை அளவே உள்ள கல் கலந்திருக்கும். ஒரு முறை பல்லில் கல் கடிபட்டவர் அந்தப் பொட்டலத்தை மறுபடியும் வாங்க மாட்டார்.

ஒரு கணக்கு

100 கிலோ சாமையை அரைத்தால் ஏறக்குறைய 60 முதல் 70 கிலோ அரிசி கிடைக்கும். மீதி உமியும் தவிடும் நொய்யும்தான். 65 கிலோ கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். விவசாயி உமியோடு ஒரு கிலோவை 30 ரூபாய்க்கு விற்றால் அவருக்குக் கிடைப்பது 3000 ரூபாய். அதையே அரிசியாக்கி ஒரு கிலோ 80 ரூபாய்க்கு விற்றால் 5200 ரூபாய். அரவைக் கூலி, சாக்கு, வண்டி வாடகை போக ஏதோ மிஞ்சும். இந்த விலைகள் கணக்குக்காகச் சொன்னவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாமை ஆண்டு முழுவதும் விளைவதில்லை. அறுவடை முடிந்த சில மாதங்கள்தான் மில்லுக்கு வேலை. மற்ற மாதங்களில் இயந்திரம் சும்மா கிடக்கும். பெயரிங் தேய்ந்தால் மாற்ற நகரத்துக்கு ஓட வேண்டும். மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். இதை யோசிக்காமல் இயந்திரத்தை மட்டும் வாங்கிக் கொடுத்தால் அது துருப்பிடிக்கும். அதனால் அதே கூடத்தில் மாவு அரைக்கும் இயந்திரமும் வைப்பது நல்லது. கேழ்வரகும் மிளகாயும் அரைத்தால் ஆண்டு முழுவதும் வரும்படி உண்டு.

வெள்ளையைப் பார்த்து ஏமாறலாமா?

கடையில் சில சாமை அரிசி பாலைப் போல வெள்ளையாக இருக்கும். பார்க்க அழகு. ஆனால் தவிட்டோடு சத்தும் போயிருக்கும். உமிக்கு உள்ளே மெல்லிய தவிட்டுப் படலம் ஒன்று இருக்கிறது. நார்ச்சத்து, இரும்புச் சத்து, பி வைட்டமின்கள் பெரும்பாலும் அதில்தான் உள்ளன. தீட்டத் தீட்ட அவை குறையும். நன்றாகத் தீட்டிய சாமைக்கும் தீட்டிய வெள்ளை அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதிக விலை கொடுத்து அதை வாங்குவது வீண். சற்றே மங்கலாக, பழுப்பாக இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாமையிலும் மாவுச்சத்துதான் அதிகம். சாமைச் சோறு என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். மருந்தை நிறுத்தவும் கூடாது.

தவிடு நீக்காத அரிசியில் கொழுப்பு உண்டு. நாளானால் காறல் வாடை வரும், கசக்கும். உமியோடு இருக்கும் தானியமோ பல ஆண்டுகள் கெடாது. கோயில் கோபுரக் கலசத்தில் வரகு போட்டு வைப்பது நமக்குத் தெரியும். ஆகவே உமியோடு சேமித்து, தேவைக்குச் சிறிது சிறிதாக அரைப்பதே நல்லது. இதற்கும் மில் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஈரம் ஆபத்து

2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் பாந்தவ்கர் காட்டுப் பகுதியில் 10 காட்டு யானைகள் இறந்தன. வயலில் இருந்த வரகை அவை நிறையத் தின்றிருந்தன. அந்த வரகில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பூஞ்சணத்தால் உண்டான நச்சுதான் யானைகளைக் கொன்றது என்று சோதனையில் தெரிந்தது.

யானைக்கே இந்தக் கதி என்றால் மனிதருக்கு? வரகு சாப்பிட்டு மயக்கமும் வாந்தியும் வந்த செய்திகள் பழைய காலத்திலிருந்தே உண்டு. இது வரகின் குற்றம் அல்ல. கதிர் முற்றும் காலத்து மழையும் ஈரமும்தான் காரணம். மழையில் நனைந்த கதிரைக் குவித்து வைக்கக் கூடாது. நன்றாகக் காய வைக்க வேண்டும். நிறம் மாறிய, பூஞ்சணம் பிடித்த தானியத்தை மனிதருக்கும் கொடுக்கக் கூடாது, மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது.

குழந்தைகளின் தட்டில்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் அட்டப்பாடி இருக்கிறது. இருளர், முதுகர், குறும்பர் என்னும் பழங்குடியினர் அங்கே வாழ்கிறார்கள். முன்பு ராகி, சாமை, தினை, துவரை எல்லாம் அவர்கள் கொல்லையில் விளைந்தன. நிலமும் போயிற்று, பயிரும் குறைந்தது. 2013-ல் அங்கே பச்சிளம் குழந்தைகள் பலர் இறந்தார்கள். தாய்மாருக்குச் சத்தான உணவு இல்லாதது ஒரு பெரிய காரணம் என்று பேசப்பட்டது. 2017-ல் கேரள அரசு அங்கே சிறுதானியக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. தரிசாகக் கிடந்த நிலத்தில் மீண்டும் ராகியும் சாமையும் விதைத்தார்கள்.

கேரளத்துத் தாய்மார் குழந்தைக்குக் கேழ்வரகுக் குறுக்கு கொடுப்பது பழைய வழக்கம். அதில் அறிவு இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான்.

கேழ்வரகை முளைகட்டினால் இன்னும் நல்லது. இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். காலையில் நீரை வடித்துத் துணியில் கட்டி வைக்க வேண்டும். ஒன்றிரண்டு நாளில் முளை விடும். நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைக்க வேண்டும். இந்த மாவில் காய்ச்சிய கஞ்சி கெட்டிப்படாமல் நெகிழ்ந்து இருக்கும். அதனால் சின்ன வயிறுள்ள குழந்தையும் அதிக மாவு உள்ள கஞ்சியைக் குடிக்க முடியும். இரும்புச் சத்தும் உடம்பில் எளிதாகச் சேரும். பெரியவர்கள் சாமைச் சோற்றோடு முருங்கைக் கீரையும் ஒரு துண்டு நெல்லிக்காயும் சேர்த்துக்கொள்ளலாம். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் அந்த இரும்புச் சத்து குறைவாகவே சேரும்.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. திருவனந்தபுரத்தில் பாப்பனங்கோட்டில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் அந்த ஆண்டு சிறுதானிய உணவு விழா நடத்தியது. தமிழ்நாட்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் அதே ஆண்டில்தான் தொடங்கியது. கேழ்வரகைக் கொடுப்பது எளிது. அதற்கு உமி இல்லை. சாமையையும் தினையையும் அப்படி ரேஷனில் கொடுக்க வேண்டுமானால் முதலில் ஊர்ப்பக்கம் மில்கள் வர வேண்டும்.