கார்டு முடியும் முன் ஒரு கடிதம்

"கார்டு போன வாரமே முடிஞ்சிருச்சு, டெர்மின் இன்னும் கிடைக்கல, வேலைக்குப் போகலாமா?" ஜெர்மனியில் இருக்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்விக்கு ஓய்வே இல்லை. (கார்டு என்பது குடியிருப்பு அனுமதி அட்டை, டெர்மின் என்பது வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரில் செல்லும் முன்பதிவு நேரம்.) கீழே நாலைந்து பேர், "ஒண்ணும் ஆகாது ப்ரோ, எனக்கும் அப்படித்தான்" என்று தேற்றியிருப்பார்கள். ஆகும். நீட்டிப்புக்கு விண்ணப்பித்தது கார்டு முடிவதற்கு முன்பா, பின்பா என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார். பதிலே அதில்தான் இருக்கிறது.

ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு சொல்வது இது: அனுமதி முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும்வரை பழைய அனுமதியே தொடர்வதாகக் கருதப்படும். அதில் உள்ள வேலை உரிமையும் சேர்ந்தே தொடரும். படிப்புக்கோ வேலைக்கோ வாங்கி வந்த தேசிய விசாவுக்கும் இது பொருந்தும். ஷெங்கன் சுற்றுலா விசாவுக்குப் பொருந்தாது. ஒரு நாள் தாமதித்தாலும் இந்தப் பாதுகாப்பு தானாக வராது. பிறகு அதிகாரி மனம் இரங்கினால்தான் உண்டு.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது உண்மைதான். போனை எடுக்க மாட்டார்கள், மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில் வரும். திறமையான ஆட்கள் வேண்டும் என்று ஜெர்மன் அமைச்சர்கள் டெல்லிவரை வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். வந்தவரின் கார்டைப் புதுப்பிக்கக் கவுண்டரில் ஆள் இல்லை.

ஆனால் டெர்மின் வேறு, விண்ணப்பம் வேறு. எத்தனை முறை சொன்னாலும் இது பலர் காதில் ஏறுவதில்லை. நள்ளிரவில் எழுந்து இணையத்தில் டெர்மின் தேடுவது விண்ணப்பம் ஆகாது. விண்ணப்பத்துக்கு வெள்ளைத்தாளில் எழுதிய கடிதமே போதும். படிவத்தை அலுவலகம் கேட்கும்போது நிரப்பிக்கொள்ளலாம். பெயர், பிறந்த தேதி, முகவரி, அனுமதியின் வகை, அது முடியும் தேதி எழுதுங்கள். அதன் கீழ், அனுமதியை நீட்டிக்க விண்ணப்பிக்கிறேன், 81(5)இன்படி இடைக்காலச் சான்றும் வேண்டும் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். பாஸ்போர்ட், கார்டின் இரண்டு பக்கங்கள், வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மருத்துவக் காப்பீட்டுச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். அசலை அனுப்பவே கூடாது. ஏதோ ஒரு தாள் வரவில்லை என்று கடிதத்தையே மேசையில் போட்டு வைக்காதீர்கள். விட்டுப்போன தாளைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம்.

நகராட்சியின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்க வழி இருந்தால் அதில் போட்டு, கடைசியில் வரும் உறுதிப்பத்திரத்தைச் சேமித்துவிடுங்கள். இல்லையென்றால் பதிவுத் தபால். ஃபேக்ஸும் அனுப்பலாம். சிரிக்க வேண்டாம், ஜெர்மன் அலுவலகங்களில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அனுப்பியதற்கான அறிக்கைத் தாளும் கையில் மிஞ்சும். மின்னஞ்சலை மட்டும் நம்பாதீர்கள், வரவில்லை என்று சொல்லிவிட்டால் நிரூபிப்பது கஷ்டம். கடிதம் போய்ச் சேரும் நாள்தான் கணக்கு, நீங்கள் அனுப்பும் நாள் அல்ல. ஆகவே எட்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

இடைக்காலச் சான்றுக்கு ஜெர்மனில் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று பெயர். கட்டணம் 13 யூரோ. அதில் மூன்று கட்டங்கள் இருக்கும். நீட்டிப்பு கேட்டவருக்கு மூன்றாவது கட்டத்தில், அதாவது 81(4) என்று இருக்கும் இடத்தில், குறி விழுந்திருக்க வேண்டும். அந்தக் குறி இருந்தால்தான் ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப முடியும். முதல் இரண்டில் குறி போட்ட சான்றை நம்பிச் சென்னைக்குப் போனால் திரும்பி நுழைய அது உதவாது. அவசரத்தில் கட்டத்தை மாற்றிக் குறிப்பவர்களும் உண்டு. கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். வேலை கொடுத்தவர் பயந்து வேலையை நிறுத்தப் பார்த்தாலும் இந்தக் கட்டத்தைத்தான் காட்ட வேண்டும்.

சான்று கொடுப்பது அவர்கள் செய்யும் தயவு அல்ல, உங்கள் உரிமை. எழுதிக் கேட்டும் தராமல் வேலை போகும் நிலை வந்தால், நிர்வாக நீதிமன்றத்தில் அவசர மனு போடலாம். விண்ணப்பித்து மூன்று மாதம் ஆகியும் தகுந்த காரணமில்லாமல் முடிவு வரவில்லை என்றால், செயலற்றிருப்பதை எதிர்த்தே வழக்குத் தொடரலாம். முதல் நிலை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீதிமன்ற அலுவலகத்தில் போய்ச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள்.

இன்னொன்று, அலுவலகத்தின் முடிவு வரும் மஞ்சள் உறை. தபால்காரர் அதை உங்கள் பெட்டியில் போட்டு, உறைமேல் தேதி எழுதிவிட்டால் கடிதம் உங்களிடம் சேர்ந்துவிட்டதாகவே அர்த்தம். நீங்கள் பிரித்தீர்களா, படித்தீர்களா, மதுரையில் கல்யாண வீட்டில் இருந்தீர்களா என்பது கணக்கில் வராது. பெட்டியில் உங்கள் பெயர் இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, மஞ்சள் உறை வந்தால் உறைமேல் உள்ள தேதியோடு படம் அனுப்பச் சொல்லுங்கள். உறையைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். சாதாரணத் தபாலில் வந்த முடிவு, 2025 முதல், அனுப்பிய நான்காம் நாள் கிடைத்ததாகக் கருதப்படுகிறது.

நீட்டிப்பை மறுத்தால் எதிர்க்க வழக்கமாக ஒரு மாதம். யாரிடம், எப்படி என்பது கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருக்கும். சில மாநிலங்களில் முதலில் ஆட்சேபம், சிலவற்றில் நேரே வழக்கு. கவனியுங்கள்: ஆட்சேபமோ வழக்கோ போட்டதனால் மட்டும் மறுப்பு நின்றுவிடாது. நிறுத்தி வைக்கக் கோரி நீதிமன்றத்தில் தனியாக மனு போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். புகலிடம் கேட்ட ஈழத்து உறவுகளுக்குக் கெடு இன்னும் குறைவு: இரண்டு வாரம், சில மறுப்புகளில் ஒரே வாரம்.

காசு இல்லை என்று சும்மா இருக்க வேண்டாம். கரித்தாஸ், டியாக்கோனி, செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை நடத்தும் குடியேறியோர் ஆலோசனை மையங்களில் ஆலோசனை இலவசம். 27 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனி மையங்கள் உண்டு. வழக்கறிஞர் ஆலோசனைக்கு, வருமானம் குறைந்தவர்கள் தம் பகுதியின் கீழ் நீதிமன்றத்தில் ஆலோசனை உதவிச் சீட்டு கேட்கலாம். அதைக் காட்டினால் வழக்கறிஞர் 15 யூரோவுக்குமேல் உங்களிடம் கேட்க முடியாது. ஹாம்பர்க், பிரேமனில் மட்டும் இதற்குப் பதில் பொதுச் சட்ட ஆலோசனை நிலையங்கள். போகும்போது சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், அடையாள ஆவணம் எல்லாம் கையில் இருக்கட்டும். மறுப்புக் கடிதத்தை அதன் உறையோடு எடுத்துப் போங்கள்.