முதுகெலும்பு அழற்சி நோயும் விழுங்குவதில் சிரமமும்

அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகெலும்பு அழற்சி நோய் பல ஆண்டுகள் நீடித்துக் கழுத்தை எட்டும்போது, சிலருக்கு உணவை விழுங்குவது கடினமாகலாம். இது அரிதாகவே நேர்கிறது. ஆயினும், இதனைத் தொண்டைக் கோளாறு என்று எண்ணி, முதுகெலும்பு நோய்க்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் கூறாமல் விட்டுவிடாதீர்கள்.

ஏன் ஏற்படுகிறது?

தொண்டையும் உணவுக்குழாயின் மேற்பகுதியும் கழுத்து முள்ளெலும்புகளுக்கு நேர் முன்னே அமைந்துள்ளன. அழற்சியால் புதிய எலும்பு வளர்ந்து முன்னோக்கித் துருத்தினால், அது உணவுப் பாதையைப் பின்புறமிருந்து அழுத்தும். கெட்டியான உணவே முதலில் தடைபடும். விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து, அதன் மூடி சாய்ந்து மூச்சுப் பாதையை அடைக்க வேண்டும். துருத்திய எலும்பு இவ்வசைவைத் தடுத்தால் புரையேறும். தாடை மூட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் நன்கு மெல்ல இயலாது.

எனினும், எல்லாவற்றுக்கும் எலும்பையே காரணமாகக் கொள்ளக் கூடாது. வலி நிவாரண மாத்திரைகளைப் போதிய நீரின்றி விழுங்குவதால் உணவுக்குழாயில் புண் உண்டாகலாம். இரைப்பை அமிலம் மேலேறுதல், உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆகியவற்றிலும் இதே அறிகுறி தோன்றும். எடை குறைந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பரிசோதனைக்கு முன்

பேரியம் திரவத்தை விழுங்கச் செய்து எடுக்கும் எக்ஸ்-ரே, எலும்பு எங்கே அழுத்துகிறது என்பதைக் காட்டும். எண்டோஸ்கோபியோ மயக்க மருந்தோ தேவைப்பட்டால், கழுத்து இறுகியிருப்பதை முன்னதாகவே தெரிவியுங்கள். இறுகிய கழுத்தெலும்பு எளிதில் முறியக்கூடியது. அதனை வலிந்து வளைத்தல் ஆகாது.

உணவும் பராமரிப்பும்

நிமிர்ந்து அமர்ந்து, குழைந்த உணவைச் சிறு கவளங்களாக உண்ணுங்கள். உண்டபின் அரை மணி நேரமாவது படுக்க வேண்டாம். புரையேறுபவர்கள் தாடையைத் தாழ்த்தி விழுங்குமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுவர். கழுத்து இறுகியவர்களால் இது பெரும்பாலும் இயலாது. எனவே உங்களுக்கேற்ற முறையை விழுங்குதல் சிகிச்சையாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள். மாத்திரைகளைப் பொடிக்கலாமா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. இவற்றால் பயனில்லாத சிலருக்கு மட்டுமே துருத்திய எலும்பை அகற்றும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும்.

பராமரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புரையேறினால் "யாரோ நினைக்கிறார்கள்" என்று உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். இந்நோயாளிகளுக்கு அவ்வாறு செய்யாதீர்கள். அவர்களே இருமி வெளியேற்றட்டும். பேசவோ இருமவோ இயலாமல் மூச்சடைத்தால் உடனே முதலுதவி அளித்து, அவசர ஊர்தியை அழையுங்கள்.

சிறிய அளவில் வழுக்கி விழுந்தபின் கழுத்துவலியுடன் விழுங்குவதும் கடினமானால், எலும்பு முறிந்திருக்கக்கூடும். கழுத்தை நேராக்க முயலாமல், இருந்த நிலையிலேயே தாங்கிப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.